சானமாவில் ஒரு ஷிஃப்ட்

என் சித்தப்பா முடி வெட்டிக்கொள்வதற்காக நான் முந்நூறு கிலோமீட்டர் பயணம் செய்தேன். நம்ப மாட்டீர்கள். நானும் முதலில் நம்பவில்லை.

போன டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை போன் வந்தது.

"டேய், ஞாயித்துக்கிழமை நீ ஃப்ரீயா?"

"ஃப்ரீதான் சித்தப்பா. என்ன விசேஷம்?"

"முடி வெட்டிக்கணும்."

"சரி. அதுக்கு நான் எதுக்கு?"

ரொம்ப நேரம் மௌனம். அப்புறம், "வந்தா தெரியும்" என்று வைத்துவிட்டார்.

சென்னையில் பஸ் ஏறி, வேலூர், ஆம்பூர், கிருஷ்ணகிரி எல்லாம் தூங்கிக் கழித்து, ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது சனிக்கிழமை சாயந்திரம். "சானமாவு பஸ் எது ஸார்?" என்று ஒருவரைக் கேட்டேன். தெலுங்கில் பதில் சொன்னார். அடுத்தவரைக் கேட்டேன். கன்னடம். மூன்றாவது ஆசாமி சுத்தமான தமிழில், "எனக்கும் ஊர் புதுசுங்க" என்றார்.

ஓசூர் அப்படித்தான். தமிழ்நாட்டின் வாசற்படி. இப்படி ஓர் எட்டு வைத்தால் அத்திப்பள்ளி, கர்நாடகம். 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் உருண்டு வெளியே வந்த ஊர். அதே பத்தாண்டில் டைட்டன் கடிகாரம் டிக் டிக் என்று ஓட ஆரம்பித்த ஊர். அதாவது, நம் அப்பாக்கள் ஆபீஸ் போன வண்டியும், மாப்பிள்ளைகள் கையில் கட்டிக்கொண்ட வாட்ச்சும் இங்கிருந்து வந்தவை. எங்கள் குடும்பத்திலிருந்து இந்த ஊருக்குப் போனவர் சித்தப்பா. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் ஷிஃப்ட் பார்த்து, சூப்பர்வைசராக ரிடையராகி, பி.எஃப். பணத்தில் சானமாவு பக்கம் ஒரு ஏக்கர் நிலமும் ஓட்டு வீடும் வாங்கிப் போட்டார். "காத்தாட இருக்கலாம்" என்றார். காற்று நன்றாகத்தான் இருக்கிறது. கூட யானையும் இருக்கிறது என்பதைப் பத்திரத்தில் எழுதவில்லை.

ராயக்கோட்டை ரோட்டில் பஸ் கொஞ்ச தூரம் போனதும் இரண்டு பக்கமும் காடு. சட்டென்று பிரேக். எதிரே வனத்துறை ஜீப்பு குறுக்கே நிற்கிறது.

"என்னங்க பிரேக் டவுனா?" என்றேன்.

"ஆனை தாண்டுது. உட்காருங்க" என்றார் கண்டக்டர், ரயில்வே கேட் சாத்தியிருக்கிறது என்கிற குரலில். முன் சீட்டு அம்மாள் அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை. பட்டணத்து ஜந்து நான் ஒருவன்தான் எழுந்து நின்று எட்டிப் பார்த்தேன். இருட்டில் இன்னும் கொஞ்சம் கெட்டியான இருட்டு நகர்ந்தது. அவ்வளவுதான். நாற்பது நிமிஷம் கழித்து பஸ் கிளம்பியது.

மழைக்காலம் முடிந்து ராகி கதிர் பிடிக்கும் சமயத்தில் கர்நாடகத்தின் பன்னேருகட்டா காட்டிலிருந்து தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக யானைகள் இந்தப் பக்கம் வருவது வருஷா வருஷம் நடப்பது. சானமாவு காடு அவற்றுக்கு ஒரு லாட்ஜ் மாதிரி. பகலில் தங்கல். ராத்திரியில் ராகி, தக்காளி, முட்டைகோஸ் என்று மீல்ஸ். சென்னைப் பதிப்பில் "சானமாவு காட்டில் யானைகள் முகாம்" என்று நாலு வரிச் செய்தியாகப் படித்துவிட்டுப் புரட்டிவிடுவேன். இங்கே அது நாலு வரி இல்லை. நாலு மாசம்.

*

வீட்டு வாசலில் சித்தி உட்கார்ந்திருந்தார். என்னைச் சின்ன வயசில் இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்த சித்தி. பி.காம். பாஸ் பண்ணியபோது ஒரு சட்டைத்துணி வாங்கிக் கொடுத்த சித்தி.

"வா கண்ணு" என்றார். எனக்கு சந்தோஷமாகிவிட்டது. அடுத்த வரி: "பிரீமியம் போன மாசமே கட்டிட்டமே?"

என்னை எல்.ஐ.சி. ஏஜென்ட் என்று நினைத்துவிட்டார். "சித்தி, நான்தான்..." என்று ஆரம்பித்தேன். சித்தப்பா பின்னாலிருந்து என் தோளை அழுத்தினார். "ஆமாம்மா, ரசீது குடுக்க வந்திருக்கார்" என்றார். சித்தி திருப்தியாகத் தலையாட்டினார்.

"திருத்தாதே" என்றார் சித்தப்பா உள்ளே போனதும். "திருத்தினா அவளுக்குப் பயம் வருது. நாம சொன்னது மறந்துடும். பயம் மட்டும் சாயந்திரம் வரைக்கும் நிக்கும்."

சித்தப்பாவைப் பார்த்தேன். முடி காதை மூடிப் பிடரியில் புரண்டது. ஐம்பத்தெட்டு வயசு வரை வாரம் தவறாமல் ஷேவ், மாசம் தவறாமல் கிராப்பு என்று இருந்த மனுஷன், சாமியார் மாதிரி நின்றார்.

ஐந்து வருஷம் முன்னால் ஆரம்பித்ததாம். ரசத்தில் இரண்டு தடவை உப்பு. பிறகு உப்பே இல்லை. "வயசாச்சு" என்று சிரித்தார்கள். ஒருநாள் ஓசூர் சந்தைக்குப் போன சித்தி திரும்பத் தெரியாமல் மூன்று மணி நேரம் பஸ் ஸ்டாண்டில் நின்றார். அதன்பிறகுதான் பெங்களூரு நிமான்ஸ் ஆஸ்பத்திரி. அது இருப்பதும் ஓசூர் ரோட்டில்தான், பெங்களூரு முனையில்.

முதலில் ரத்தத்தில் தைராய்டு, பி12 எல்லாம் பார்த்தார்களாம். ஸ்கேன் எடுத்தார்களாம். ஏனென்றால் மறதி எல்லாமே ஒரே வியாதி இல்லை. சத்துக் குறைவாலும், தைராய்டு கோளாறாலும், மனச்சோர்வாலும்கூட வரும். அதையெல்லாம் மருந்து கொடுத்துச் சரிசெய்ய முடியும். அதனால், "வயசாச்சு" என்று வீட்டோடு வைத்துக்கொள்வது பெரிய தப்பு. சித்திக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அல்சைமர். கொடுக்கிற மாத்திரை கொஞ்ச காலம் தாக்குப் பிடிக்க உதவலாம், குணப்படுத்தாது என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டாராம்.

இது ஏதோ ஆயிரத்தில் ஒருவருக்கு என்று நினைக்காதீர்கள். 2023-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, நம் நாட்டில் அறுபது வயசு தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் டிமென்ஷியா இருப்பதாகக் கணக்குச் சொல்கிறது. மொத்தம் சுமார் 88 லட்சம் பேர். ஒவ்வொருவர் பக்கத்திலும் தூங்காமல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவரை எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை. காமர்ஸ் படித்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், பாதி பேலன்ஸ் ஷீட்டை மறைத்துவிட்டு லாபநஷ்டம் பார்ப்பது மாதிரி இது.

அல்சைமர் என்பது டாக்டரின் பெயர் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் 1901-ல் பிராங்பர்ட் ஆஸ்பத்திரியில் பார்த்த நோயாளி அகஸ்டே டேட்டர். வயது 51. அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்தவர் கணவர் கார்ல், ரயில்வே குமாஸ்தா. வீட்டில் வைத்து என்னென்னவோ பட்டு, முடியாமல் கூட்டி வந்திருக்கிறார். வியாதிக்கு டாக்டர் பெயர் வைத்தார்கள். நோயாளியின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அந்த ரயில்வே குமாஸ்தா ராத்திரி எப்படித் தூங்கினார் என்று யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.

*

ராத்திரி சித்தி தூங்கிய பிறகு நானும் சித்தப்பாவும் வாசலில் உட்கார்ந்தோம். டிசம்பர் மாத ஓசூர்க் குளிர். வரப்புக்கு அந்தப் பக்கம் ராகி வயலில் ஒரு பரண். கீழே நெருப்பு மூட்டி மூன்று நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். யானைக் காவல். ஒருத்தர் டார்ச் அடித்துச் சித்தப்பாவுக்கு வணக்கம் சொன்னார். இவரும் டார்ச் அடித்தார்.

"உன் கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார் சித்தப்பா. நெருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

"போன வருஷம் இதே மாசம். ராத்திரி ரெண்டு மணி. அவ ஆறாவது தடவையா எழுந்து கதவைத் திறக்கிறா. வீட்டுக்குப் போகணுங்கறா. இதாண்டி வீடுன்னு சொல்றேன். இல்லைங்கறா. வெளியில ஆனை. எனக்கு நாலு நாளா தூக்கம் இல்லை..."

நிறுத்தினார்.

"கை நீட்டிட்டேன்டா."

நான் ஒன்றும் சொல்லவில்லை. நாற்பது வருஷத்தில் சித்தியிடம் குரல் உயர்த்திக்கூட நான் பார்க்காத மனுஷர்.

"அஞ்சு நிமிஷத்துல அவ மறந்துட்டா. 'ஏங்க அழறீங்க'ன்னு என்னையே கேக்கறா. எனக்குத்தான் மறக்கலை."

அவள் தூங்கியதும் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு வரப்பில் போய் உட்கார்ந்திருக்கிறார். காவல்காரர்கள் ஒன்றும் கேட்காமல் நெருப்புப் பக்கம் இடம் விட்டார்களாம். ஒரு டம்ளர் கடுங்காப்பி. அப்புறம்தான் ஒருவர், "என்னா ஸார், வீட்டுல முடியலையா?" என்றாராம். முப்பது வருஷம் இருநூறு பேரை வேலை வாங்கிய சூப்பர்வைசர், அந்த வரப்பில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதிருக்கிறார்.

அந்த ராகிக்காரர் சொன்னதைச் சித்தப்பா அப்படியே சொன்னார்: "ஸார், ஒத்த ஆளா ராத்திரி பூரா காவல் காத்தா, ஆனை ஒண்ணும் பண்ண வாணாம். நாமளே தூக்கத்துல பரண்லேருந்து விழுந்து செத்துடுவோம். அதான் நாங்க முறை வெச்சிருக்கோம். உங்களுக்கு ஏன் ஸார் முறை இல்லை?"

உங்களுக்கு ஏன் முறை இல்லை! கம்பெனியில் மூன்று ஷிஃப்ட் போட்டு ரோஸ்டர் எழுதியவருக்கு வீட்டில் ஒரே ஷிஃப்ட். இருபத்துநாலு மணி நேரம். வீக்லி ஆஃப் கிடையாது.

"நீங்க ஏன் எங்க கிட்ட சொல்லலை?" என்றேன்.

"என்னடா சொல்றது? ஆம்பளை, பொண்டாட்டியைப் பாத்துக்க முடியலைன்னு சொல்லவா?"

பெண் கனடாவில். பணம் அனுப்புகிறாள். தினமும் வீடியோவில் வருகிறாள். அவளிடம் சொன்னால் அங்கே உட்கார்ந்து அழுவாள் என்று சொல்லவில்லை. நாங்களெல்லாம் பொங்கலுக்கு வாட்ஸ்அப்பில் பானைப் படம் அனுப்பினோம். தலைக்கு ஒரு பானை.

மறுநாள் காலையிலிருந்து ஏதோ கொஞ்சம் மாறியதாம். ராகிக்காரரின் சம்சாரம் செவ்வாய், வெள்ளி ஒரு மணி நேரம் வந்து சித்தியோடு பூ கட்டுவார். அவருக்குத் தமிழ் அரைகுறை. சித்திக்குத் தெலுங்கு சுத்தம். இரண்டு பேருக்கும் அது ஒரு பொருட்டே இல்லை. சித்தி ராத்திரி எழுந்து நடந்தால் பரண் மேலிருந்து டார்ச் அடித்து எச்சரிக்கை கொடுப்பார்கள். யானைக்கு அடித்த டார்ச்சில் சித்திக்கும் ஒரு பங்கு.

இன்னொரு உதவி வாசலுக்கே வந்தது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்தது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சாமனப்பள்ளியில்தான். அதில் சுகாதாரத் தன்னார்வலராக இருக்கும் பெண், வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். சித்தப்பாவின் பிரஷரைப் பார்த்துவிட்டு, "ஸார், நீங்க தூங்கறீங்களா?" என்று கேட்டாராம். ஐந்து வருஷத்தில் எல்லோரும், "அம்மா எப்படி இருக்காங்க?" என்றுதான் கேட்டார்களே தவிர, இவரைப் பற்றி யாரும் கேட்டதில்லையாம். அந்தப் பெண்தான் 14416 என்ற நம்பரை எழுதிக் கொடுத்தாள். டெலி மானஸ். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச மனநல போன். தமிழிலேயே பேசலாம்.

"பேசினீங்களா?"

"மூணு தடவை நம்பர் போட்டுக் கட் பண்ணினேன். நாலாவது தடவை பேசினேன். வைத்தியம் ஒண்ணும் சொல்லலைடா. கேட்டாங்க. நான் கை நீட்டினதைச் சொன்னேன். ச்சீன்னு சொல்லலை. முதல்ல நீங்க தூங்குங்க, யார் யார் கிட்ட எத்தனை மணி நேரம் கேக்கலாம்னு ஒரு லிஸ்ட் போடுங்கன்னாங்க. அந்த லிஸ்ட்ல மூணாவது பேரு உன்னுது."

முதல் இரண்டு பேர் யார் என்று நான் கேட்கவில்லை. வரவில்லை என்று தெரிகிறதே.

*

ஞாயிறு காலை பதினோரு மணிக்குச் சித்தப்பா மொபெட்டில் கிளம்பினார். ஒரு மணி நேரத்தில் வருவார் என்று நினைத்தேன். எனக்கு என்ன, ஆபீஸில் ஆடிட் சமயத்தில் எத்தனை பேரைச் சமாளித்தவன்!

பதினொன்றே கால்: சித்தி, "மணி என்ன கண்ணு?" என்றார். சொன்னேன். பதினொன்று இருபது: "மணி என்ன கண்ணு?" சொன்னேன். பன்னிரண்டுக்குள் பதினாறு தடவை. கடிகாரம் செய்கிற ஊரில் இப்படி ஒரு சோதனை. பதினேழாவது தடவை என் குரல் மாறியது. எனக்கே கேட்டது. ஒரு மணி நேரத்தில் எனக்கு இது. ஐந்து வருஷம், ராத்திரியும் சேர்த்து, எத்தனை மணி நேரம் என்று மனசுக்குள் பெருக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

ஒரு மணிக்குச் சித்தி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வீட்டுக்குப் போகணும்." இதுதான் வீடு என்று சொல்ல வாயெடுத்து, தோளை அழுத்திய கை ஞாபகம் வந்து, "வாங்க சித்தி, போலாம்" என்றேன். கேட்டைத் திறந்து வரப்பில் நடந்தோம். ராகித் தாளில் ராத்திரி வந்த யானையின் கால்தடம், தாம்பாளம் அளவுக்கு. சித்தி அதைத் தாண்டிக் காலை வைத்து, "பெரிய மாடு" என்றார். தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி அதே கேட்டுக்கு வந்து, "வீடு வந்துடுச்சு சித்தி" என்றேன். "அப்பாடா" என்று உட்கார்ந்தார். நானும்.

இரண்டரைக்கு மேல் சித்தி நிலைகொள்ளாமல் வாசற்படியில் வந்து உட்கார்ந்து ரோட்டையே பார்த்தார். "அவருக்கு ஃபஸ்ட் ஷிஃப்ட். மூணு மணிக்குக் கம்பெனி பஸ் வந்துடும்" என்றார். சித்தப்பா ரிடையராகி ஒன்பது வருஷம். தினமும் இப்படித்தானாம். பக்கத்தில் சித்தப்பா உட்கார்ந்திருக்கும்போதே, "இன்னும் அவர் வரலையே" என்று கலங்குவாராம். இது நேற்றிரவு சித்தப்பா சொன்னது. அதற்கு அவர் என்ன செய்கிறார் என்பதைச் சொல்லவில்லை.

சரியாக மூன்று மணி. கேட் சத்தம். முடி ஒட்ட வெட்டி, மழமழவென்று ஷேவ் செய்து, வெள்ளைச் சட்டையில் சித்தப்பா நடந்து வந்தார். மொபெட்டைத் திருப்பத்திலேயே நிறுத்திவிட்டிருக்கிறார். கையில் பழைய எவர்சில்வர் டிபன் கேரியர்.

சித்தியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"வந்துட்டீங்களா... ஓவர்டைமோன்னு நினைச்சேன்."

"இல்லம்மா. கரெக்ட் டைம்."

தினமும் மூன்று மணிக்குச் சித்தப்பா கேரியரை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய், தோட்டத்தைச் சுற்றி, முன்வாசல் வழியாக வீட்டுக்கு வருகிறார். டியூட்டி முடிந்து. அதன்பிறகு ஒரு மணி நேரம் சித்தி, சித்தியாகவே இருப்பாராம்.

அன்றைக்குச் சித்தி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கிராப்பு நல்லாயிருக்குங்க" என்றார்.

சித்தப்பா சட்டென்று உள்ளே போய்விட்டார். மூஞ்சி கழுவ நேரமாயிற்று.

*

"முடி வெட்ட நாலு மணி நேரமா?" என்று பஸ் ஏறுமுன் கேட்டேன்.

"வெட்டறதுக்கு இருபது நிமிஷம். அப்புறம் ஓட்டல்ல உட்காந்து ஒரு தோசை சாப்பிட்டேன்டா. சூடா. முழுசா. நடுவுல எழுந்துக்காம." வெட்கத்தோடு சொன்னார், ஏதோ சினிமாவுக்குக் கட் அடித்தவர் மாதிரி.

திரும்பும்போது செல்போனில் யானை பற்றித் தேடிக்கொண்டு வந்தேன். ஆண் யானை வயசு வந்துவிட்டால் பெரும்பாலும் தனியாகத் திரியும் என்றுதான் படித்திருக்கிறேன். ஆனால், 2019-ல் பெங்களூரு ஆராய்ச்சியாளர்கள் ஒரு புதுச் சங்கதி எழுதியிருக்கிறார்கள். தென்னிந்தியாவில் காடு குறைந்து, வயலும் மனுஷனுமாக ஆபத்து மிகுந்த வட்டாரங்களில், ஆண் யானைகள் ஒன்றுசேர்ந்து கூட்டமாக வாழப் பழகிக்கொள்கின்றனவாம். தனியாகப் போனால் பிழைக்க முடியாது என்று தெரிந்திருக்கிறது.

நமக்குத்தான் இன்னும் தெரியவில்லை. நம் தெருவிலேயே ஒரு மாமாவோ மாமியோ தனியாகக் காவல் இருக்கிறார்கள். அவர்களிடம், "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லாதீர்கள். சொல்ல மாட்டார்கள். "ஞாயிறு பதினொண்ணுலேருந்து மூணு வரைக்கும் நான் இருக்கேன்" என்று நேரம் போட்டுச் சொல்லுங்கள். 14416-ஐச் சொல்லுங்கள். முதியோருக்கென்றே 14567 இருக்கிறது, காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. சென்னைக்காரர்கள் ஸ்கார்ஃப் அமைப்பின் டிமென்ஷியா பிரிவில் கேட்கலாம். 1992-ல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்கிற அல்சைமர் சங்கம், இந்த நோயாளிகளின் குடும்பத்தாருக்காகவே நாடு முழுக்க வேலை செய்கிறது. ஒரே மாதிரி வலியுள்ள நாலு பேர் ஒரே அறையில் உட்கார்ந்தால், பாதி விஷயத்தை விளக்கவே வேண்டாம்.

வீடு வந்து சேர்ந்ததும் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அடுத்த மாசம் எந்த ஞாயிறு சித்தப்பா?"

"முடி அவ்வளவு சீக்கிரம் வளராதுடா."

"பரவாயில்லை. தோசை சாப்பிடுங்க."